24 இன்ச் பார் வண்டிக்கு பிரேக் மாட்டுவது எப்படி: மட்கார்டைக் கழற்றாமல்

எங்கள் வீட்டில் ஒரு 24 இன்ச் ஹெர்குலஸ் சைக்கிள் இருக்கிறது, 24 என்பது பிரேமின் உயரம். அப்பா ஓட்டியது. இரும்பு பிரேம், முன்னும் பின்னும் முழு மட்கார்டு, செயின் கவர், ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கிற ராடு பிரேக், 28 இன்ச் சக்கரம். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் நான் சைக்கிளே கற்றுக்கொண்டேன். இப்போது சத்துவாச்சாரியில் இருந்து காட்பாடிக்கு அதில்தான் போய் வருகிறேன். வழியில் வண்டியை நிறுத்தினால் யாராவது ஒருவர் வந்து பாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒண்ணு சும்மாதான் நிக்குது, ஆனா பிரேக் புடிக்க மாட்டேங்குது, இன்னா பண்றது?" என்று கேட்காமல் போவதில்லை. நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆவணி மாத சாயங்காலம். பகல் முழுக்க வெயில் கொளுத்திவிட்டு ஐந்து மணிக்கு மேல் இடியோடு மழை கொட்டுமே, வேலூர்க்காரர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு மழை. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன், எதிரே பஸ் ஒன்று மெதுவானது, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன், வண்டி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல அதே வேகத்தில் போனது. செருப்புக் காலைத் தரையில் தேய்த்து எப்படியோ நிறுத்தினேன். மறுநாளே ஒரு கடைக்குப் போய், அளவு எதுவும் பார்க்காமல், அங்கே எடுத்துக் கொடுத்த கேலிப்பர் பிரேக்கை, அதாவது ஒயர் இழுத்தால் இரண்டு கால்கள் ரிம்மை இரு பக்கமும் கவ்வுகிற பிரேக்கை, வாங்கி மாட்டினேன். அதன் கால்கள் குட்டை, பிரேக் கட்டை ரிம்முக்கு எட்டவில்லை, டயரின் பக்கச்சுவரில்தான் உரசியது. பத்து நாளில் டயர் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்து வெடித்தது. நல்ல வேளை, அப்போது மேம்பாலத்தில் இல்லை, சமதளத்தில் இருந்தேன். இந்த இரண்டு சம்பவத்துக்கும் முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவைதான் கீழே வருவது எல்லாம்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து முதலில் ரிம்மைப் பாருங்கள். எந்த பிரேக் மாட்டலாம் என்பதை ரிம்தான் முடிவு செய்கிறது, நாம் இல்லை. பழைய ராடு பிரேக் வண்டிகளின் ரிம்முக்குப் பக்கவாட்டில் தட்டையான இடமே இருக்காது, ஓரம் உருண்டு வளைந்திருக்கும், போக்ஸ் கம்பி இருக்கும் உட்பக்கத்தில் இரண்டு தோள் மாதிரி இடம் இருக்கும். ராடு பிரேக்கின் கட்டை அந்தத் தோளில்தான் மேல்நோக்கி வந்து அழுத்தும். இந்த வகைக்கு வெஸ்ட்வுட் ரிம் என்று பெயர். இதில் கேலிப்பர் மாட்டக் கூடாது. வளைந்த ஓரத்தில் கட்டை முழுதாகப் பதியாது, ஒரு கோடு மாதிரிதான் தொடும். பக்கம் தட்டையாக இருந்தால் அது எண்ட்ரிக், கேலிப்பருக்கு ஏற்றது. தோளும் இருந்து பக்கமும் தட்டையாக இருந்தால் வெஸ்ட்ரிக், இரண்டு விதமும் மாட்டலாம். பெயர் எல்லாம் கடையில் சொன்னால் புரியாது, விரலால் ரிம்மின் பக்கத்தைத் தடவினாலே போதும், தட்டையா உருண்டையா என்று தெரிந்துவிடும்.

அடுத்து டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண். 28 × 1½ என்று இருக்கும், சிலவற்றில் கூடவே 40-635 என்றும் இருக்கும். இந்த 635 என்பதுதான் முக்கியம், டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இப்போது வரும் பல சைக்கிள்களின் 700சி சக்கரத்தையும் 28 இன்ச் என்றே சொல்கிறார்கள், ஆனால் அது 622. விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது 700சி சக்கரம் மாட்டினால் ரிம்மின் ஓரம் பிரேக் மாட்டும் துளையில் இருந்து ஆறரை மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். பிரேக் விஷயத்தில் ஆறரை மில்லிமீட்டர் பெரிய தூரம்.

சரி, இப்போது அளவு. முன் போர்க்கின் தலையில், மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட் போகும் துளை இருக்கும். பின்னால் சீட்டுக்குக் கீழே இறங்கும் இரண்டு குழாய்களையும் சேர்க்கிற குறுக்குக் கம்பியிலும் ஒரு துளை இருக்கும். துளையின் நடுவில் இருந்து நேர் கீழே, ரிம்மின் தட்டைப் பக்கத்தின் நடு வரைக்கும் இரும்பு ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். துணியளக்கும் டேப் வேண்டாம், வளைந்து பொய் சொல்லும். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, இரண்டும் ஒன்றாக இருக்காது. பின் சக்கரத்தை அளக்கும்போது செயின் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் செயினை இறுக்க ஆக்சிலை நகர்த்தினால் இந்த அளவும் மாறும்.

இந்த அளவைத்தான் ரீச் என்கிறார்கள். ரேஸ் சைக்கிளில் வரும் கேலிப்பர் 39 முதல் 49 மில்லிமீட்டர் வரைதான் எட்டும், நம் வண்டிக்கு அது கிட்டவே வராது. டெக்ட்ரோ ஆர்559 என்ற நீளக்கால் கேலிப்பர் 55 முதல் 73 வரை எட்டும். டயா-கோம்ப் 750 என்ற சென்டர் புல் பிரேக், அதாவது ஒயர் நடுவில் இருந்து இரண்டு கால்களையும் இழுக்கிற வகை, 61 முதல் 78 வரை போகும். உள்ளூர்க் கடைகளில் பெயர் இல்லாத நீளக்கால் இரும்புக் கேலிப்பர்களும் கிடைக்கும், அவற்றை வாங்கும் முன் கடையிலேயே ஸ்கேலை வைத்து, கட்டை நகரும் பள்ளத்தின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் அளந்து பாருங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நீளமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் பொருந்துமே, பெரியதாகவே வாங்கிவிடலாமே என்று நினைக்காதீர்கள். பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்கள். கொட்டைப்பாக்கை மூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பாட்டி கூட ஒரே அழுத்தில் வெட்டிவிடுவார், நுனியில் வைத்தால் பெரிய ஆளுக்கும் வெட்டாது. பிரேக்கும் அதே கணக்குதான். கட்டை மூட்டில் இருந்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு அழுத்தம் குறையும், கால்களும் வளைந்து கொடுக்கும். அதனால் உங்கள் அளவுக்கு எட்டுகிறவற்றில் எது குட்டையோ அதுதான் உங்களுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை, மட்கார்டு.

மட்கார்டைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பிரேக் மாட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று மட்கார்டைக் கழற்றித் தூக்கிப் போட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். மழைக்காலத்தில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு மட்கார்டு அலங்காரம் இல்லை. அது இல்லாவிட்டால் சட்டையில் சேறு, செயினில் மண், பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே மணல். எனவே ரீச்சோடு இரண்டாவது அளவு ஒன்றும் எடுங்கள். போர்க் தலைக்குக் கீழே மட்கார்டின் அகலம் எவ்வளவு, நீங்கள் வாங்கும் பிரேக்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே, பிரேக் பிடித்த நிலையில், இடைவெளி எவ்வளவு. கால்கள் மட்கார்டை நசுக்கக் கூடாது. பழைய இரும்பு மட்கார்டு அகலம், என் வண்டியில் 54 மில்லிமீட்டர். ஒயர் ஒரு பக்கத்தில் இருந்து இழுக்கிற சைடு புல் கேலிப்பர்களில் பெரும்பாலானவை இங்கேதான் தோற்றுப்போகும், ரீச் சரியாக இருந்தும் மட்கார்டு நுழையாது.

என் வண்டியில் கடைசியாக நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன், அப்படியே செய்யச் சொல்லவில்லை. பின்னால் ராடு பிரேக்கை அப்படியே விட்டுவிட்டேன். முன்னால் மட்டும் சக்கரத்தை மாற்றினேன், 700சி அலுமினிய ரிம், புதிய போக்ஸ் கம்பி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மட்டும் பழையது. முன்னால் என் துளைக்கும் பழைய ரிம்முக்கும் 62 மில்லிமீட்டர் இருந்தது, புது ரிம்முக்கு அது 68 சொச்சம் ஆனது, சென்டர் புல் பிரேக் சரியாக நடுவில் உட்கார்ந்துவிட்டது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஆறரை மில்லிமீட்டர் கூடுதல் இடமும் கிடைத்தது, களிமண் ஒட்டினாலும் அடைக்காது. ரிம் வாங்கும்போது துளைகளை எண்ணுங்கள். நம் பழைய வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 என்பதுதான் வழக்கம். 36 துளை ரிம்மை வாங்கி வந்து 32 துளை ஹப்பில் கோக்க முடியாது.

ஏன் முன்னால் மட்டும் மாற்றினேன் என்றால், நிறுத்துவதில் பெரும்பங்கு வேலை முன் பிரேக்குக்குத்தான். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, முன் சக்கரம் தரையில் அழுந்துகிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது சறுக்கும், நிற்காது. "முன் பிரேக் புடிச்சா கவுத்துடும்" என்று சின்ன வயதில் நம் எல்லோரையும் பயமுறுத்தி வளர்த்துவிட்டார்கள், அதனால் பலருடைய வண்டியில் முன் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. பார் வண்டிக்கு இந்தப் பயம் இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும். அதன் போர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரம் அதிகம், அவ்வளவு சுலபத்தில் கவிழாது. திடீரென்று வெடுக்கென இழுக்காமல், ஒரே சீராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போதும்.

ராடு பிரேக்கையே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு: அது மோசமான பிரேக் இல்லை, கவனிப்பாரற்ற பிரேக். ஒயர் இல்லை, அறுந்து போகாது, மட்கார்டோடு சண்டை போடாது. முதலில் எல்லா மூட்டிலும் துருவை எடுத்து ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள், ஆனால் ரிம்மில் ஒரு துளி படக் கூடாது. ராடுகள் இணையும் இடத்தில் கிளிப் மாதிரி ஒரு நட்டு இருக்கும், அதைத் தளர்த்தி, கட்டை ரிம்மின் தோளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும்படி ராடை நகர்த்தி இறுக்குங்கள். இது மேல்நோக்கி இழுக்கிற பிரேக் என்பதால் ரிம் இடம் வலமாகக் கொஞ்சம் ஆடினாலும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் மேலும் கீழும் குதித்தால் பொறுக்காது. அதனால் கோட்டம் எடுப்பவரிடம் "பக்கவாட்டுக் கோட்டம் மட்டும் இல்லண்ணா, வட்டமும் சரியா இருக்கணும்" என்று தனியாகச் சொல்லுங்கள். பின் சக்கரத்தை இழுத்துச் செயின் இறுக்கிய ஒவ்வொரு முறையும் பின் பிரேக்கின் கட்டை ரிம்மில் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். இதை மெக்கானிக்குகள் மறந்துவிடுவார்கள். நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இரும்பு ரிம்மில்தான் மழைப் பிரச்சினை. குரோம் பூசிய வழுவழு இரும்பில் தண்ணீர் ஒரு படலமாக நிற்கும், ரப்பர் கட்டை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், சக்கரம் சில சுற்று சுற்றித் தண்ணீர் துடைபட்ட பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். மேம்பாலத்தில் எனக்கு நடந்தது இதுதான். இதற்குப் பழைய வைத்தியம், முகத்தில் தோல் பதித்த பிரேக் கட்டை. தோல் நனைந்தால் இரும்பை ரப்பரை விட நன்றாகப் பிடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர் போன ஊர்களை மடியில் வைத்துக்கொண்டு, நம் சைக்கிளில் ஒரு துண்டுத் தோலைப் பயன்படுத்தாமல் இருக்கிறோம் என்பது எனக்கு ஆச்சரியம்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் மாமா பையன் கொண்டுவந்து கொடுத்த, மூன்று மில்லிமீட்டர் தடித்த, செருப்பு அடிப்பாகத்துக்கு வெட்டிய மிச்சத் துண்டு ஒன்றைத்தான் என் பின் பிரேக்கில் வைத்திருக்கிறேன். ரப்பர் கட்டையின் முகத்தில் பிளேடால் தோலின் அளவுக்கு ஒரு குழி வெட்டி, இரண்டையும் உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் சொல்யூஷன் இரண்டு பக்கமும் தடவி, கைக்கு ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி, ஒரு ராத்திரி முழுக்க அம்மிக்கல் ஏற்றி வைத்தேன். குழி வெட்டாமல் மேலே ஒட்டினால் பிய்ந்துவிடும். இந்தக் கைவேலையை முன் பிரேக்கில் செய்யாதீர்கள், முன்னால் கடையில் வாங்கிய முழுக் கட்டைதான் இருக்க வேண்டும். அலுமினிய ரிம்மிலும் தோல் வேண்டாம், தோலில் மணல் பதிந்து ரிம்மைத் தின்றுவிடும்.

ரப்பர் கட்டை வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக் கடையில் வருடக்கணக்கில் தொங்கிய கட்டை கல்லாகியிருக்கும். நகம் பதியவில்லை என்றால் வேறு கேளுங்கள்.

இனி மாட்டும் வேலை. பிரேக்குக்கு முன்னால் சக்கரம். கோட்டம் எடுத்து, ஹப்பில் ஆட்டம் இல்லாமல் ஆக்சிலில் இருக்கும் கோன் நட்டை இறுக்கி, சக்கரம் போர்க்கின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆடுகிற சக்கரத்தில் பிரேக்கைச் சரிசெய்ய முடியாது. ரிம்மை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மண்ணெண்ணெயில் துடைத்தால் பளபளக்கும், ஆனால் படலம் தங்கும், அதன் பிறகும் ஒருமுறை சோப்பு போட வேண்டியிருக்கும்.

முன் மட்கார்டின் போல்ட்டைக் கழற்றினால் மட்கார்டு தொங்கும், அதைக் கீழ்க் கம்பிகள் தாங்கிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். பிரேக்கின் போல்ட்டை முன்பக்கத்தில் இருந்து விட வேண்டும். வரிசை இது: பிரேக், அதற்குப் பின்னால் ஒரு பக்கம் குழிந்த வாஷர், குழிந்த பக்கம் போர்க்கின் உருண்டையோடு பொருந்தும்படி, அப்புறம் போர்க் தலை, பின்பக்கம் மட்கார்டின் கிளிப், தட்டை வாஷர், நைலான் நட்டு. இந்தக் குழி வாஷரை விட்டுவிட்டால் பிரேக் உருண்டையான இரும்பின் மேல் உட்கார்ந்து, எவ்வளவு இறுக்கினாலும் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் ஒரு பக்கக் கட்டை மட்டும் உரசிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இந்தச் சின்ன வாஷர் இல்லாததுதான். பின்னால் மாட்டுவதானால் பிரேக் குறுக்குக் கம்பிக்குப் பின்பக்கம் நிற்கும், நட்டு சீட்டுக் குழாய்ப் பக்கம் வரும். புதிய கேலிப்பர்கள் சிலவற்றில் போல்ட் குட்டையாக, குழிக்குள் போகும் நீள நட்டோடு வரும், அதற்கு பிரேமின் பின்பக்கத் துளை 8 மில்லிமீட்டர் வேண்டும். நம் வண்டியில் 6 மில்லிமீட்டர் போல்ட் போகும் துளைதான். துளையைப் பெரிதாக்காதீர்கள், நீள போல்ட் உள்ள பிரேக்கையே கேட்டு வாங்குங்கள். நட்டின் இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். அளக்கும் ஸ்பேனர் இல்லாதவர்கள், சின்ன ஸ்பேனரால் ஒரு கையில் நன்றாக இறுகும் வரை இறுக்கி, பிரேக்கைக் கையால் திருப்பிப் பார்த்தால் அசையாமல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மட்கார்டின் ஓரம் பிரேக் காலில் இடித்தால் வெட்டாதீர்கள். இரும்பு மட்கார்டை அந்த ஓர் இடத்தில் மட்டும், கொறடின் வாயில் துணி சுற்றி, இரு பக்கமும் மெதுவாக உள்ளே மடக்கினால் நாலைந்து மில்லிமீட்டர் கிடைக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வெட்டினால் அந்த முனை துருப்பிடிக்கும், ஒருநாள் டயரைக் கிழிக்கும். மடக்கிய பிறகு பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரு கோட் பெயின்ட். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு சுண்டுவிரல் நுழைய வேண்டும்.

சென்டர் புல் பிரேக் என்றால் ஒயரின் உறையைத் தாங்க மேலே ஒரு கொக்கி வேண்டும். அது ஹேண்டில் பாருக்குக் கீழே, போர்க் கழுத்தின் நட்டுகளுக்கு நடுவே வரும். இடம் இருக்காதே என்று நானும் கவலைப்பட்டேன், ஆனால் பழைய வண்டியில் அங்கே விளக்கு மாட்டும் தகடு ஒன்று இருக்கும், அதைக் கழற்றினால் அதே தடிமனில் கொக்கி உட்கார்ந்துவிடும். இந்த வகை பிரேக்கில் இரண்டு கால்களையும் சேர்க்கும் குறுக்கு ஒயர் ஒன்று உண்டு. மேலே வரும் மெயின் ஒயர் அறுந்தால், மட்கார்டு இல்லாத வண்டியில் குறுக்கு ஒயர் டயர் மேல் விழுந்து, பள்ளத்தில் சிக்கி, சக்கரத்தை அப்படியே பிடித்து நிறுத்திவிடும், ஆள் தூக்கி எறியப்படுவார். மட்கார்டு இருந்தால் ஒயர் அதன் மேல் விழும், அவ்வளவுதான். மட்கார்டைக் கழற்றாதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இது இன்னொரு காரணம்.

கைப்பிடி வாங்கும்போது இரண்டு விஷயம். ஹேண்டில் பார் 22.2 மில்லிமீட்டர், அதற்குப் பொருந்துகிற லீவர். கேலிப்பருக்கும் சென்டர் புல்லுக்கும் ஒயரைக் குறைவாக இழுக்கும் லீவர்தான் வேண்டும். வி-பிரேக் என்ற வேறு வகை பிரேக்கின் லீவர் ஒயரை நிறைய இழுக்கும், ஆனால் பலம் குறைவு, அதை இங்கே மாட்டினால் பிரேக் கல்லைப் பிடிப்பது போல விறைப்பாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஒயரின் தலை உருளையா பேரிக்காய் வடிவமா என்பதும் லீவரோடு பொருந்த வேண்டும். நம் பழைய வண்டிகளில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். உங்கள் கைக்கு ஏற்கெனவே பழகியதை மாற்றாதீர்கள், ஆபத்து நேரத்தில் கை யோசிக்காது.

ஒயரின் உறையை வெட்டும்போது நேராக வெட்டி, முனையை அரத்தால் ராவி, ஆணியை உள்ளே விட்டு வாயைத் திறந்துவிட்டு, தொப்பி போடுங்கள். நசுங்கிய முனை ஒன்றே போதும், எவ்வளவு நல்ல பிரேக்கும் சவசவ என்று ஆகிவிடும். நீளத்தை முடிவு செய்ய ஹேண்டிலை இடதும் வலதும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எந்தப் பக்கமும் இழுபடக் கூடாது, தேவைக்கு மேல் தொங்கவும் கூடாது. உள் ஒயரில் கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கள். 24 இன்ச் பிரேமில் பின் பிரேக்குக்கு ஒயர் போட்டால் அது பாரின் நீளம் முழுக்கப் போக வேண்டும், உறை நீளமானால் அதன் நசுங்கலும் கூடும், லீவர் மெத்தென்று இருக்கும். பின்னால் ராடை வைத்துக்கொள்ள எனக்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டை வைப்பதில் அவசரப்படாதீர்கள். முழு வேலையில் பாதி நேரம் இதற்கே போகட்டும். ரப்பர் செருகும் இரும்புக் கூட்டில் ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். மூடிய முனை முன்பக்கம், வண்டி போகும் திசையில் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் முதல் அவசர பிரேக்கிலேயே ரப்பர் வழுக்கி வெளியே வந்து விழும். கட்டை ரிம்மின் தட்டைக்குள் முழுதாக நிற்க வேண்டும், மேலே டயரைத் தொடக் கூடாது, கீழே ரிம்மை விட்டு இறங்கவும் கூடாது. முன் முனை முதலில் தொடும்படி ஒரு சின்னச் சாய்வு கொடுங்கள். அதற்குச் சுலபமான வழி, தீப்பெட்டி அட்டையில் ஒரு துண்டு கிழித்து கட்டையின் பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவே வைத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கிவிட்டு, அட்டையை உருவிவிடுவது. நட்டு இறுகும்போது கட்டையும் சேர்ந்து திரும்பப் பார்க்கும், இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வீட்டில் யாராவது லீவரைப் பிடித்தால் நல்லது. இந்தச் சாய்வு இல்லாவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு பிரேக் கீச்சிடும்.

ஒயரை நட்டில் பிடிப்பதற்கு முன், பிரேக்கின் திருகு அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே சுற்றி, அப்புறம் இரண்டு சுற்று வெளியே எடுத்து வையுங்கள். கட்டைகளை ரிம்மோடு சேர்த்துப் பிடித்து, ஒயரைக் கொறடால் இழுத்து, நட்டை இறுக்குங்கள். பிறகு லீவரை முழு பலத்தோடு பத்துப் பதினைந்து முறை பிடியுங்கள். உறையும் தொப்பியும் அதனதன் இடத்தில் அமுங்கி ஒயர் தளர்ந்துவிடும், மறுபடி இழுத்து இறுக்குங்கள். இதை வீட்டில் செய்யாவிட்டால் ரோட்டில் போகும்போது அதுவே தளரும். கடைசியில் இரு பக்கமும் கட்டைக்கும் ரிம்முக்கும் சுமார் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, லீவரை எவ்வளவு இறுக்கினாலும் ஹேண்டிலுக்கும் லீவருக்கும் நடுவே இரண்டு விரல் இடம்.

ஏறி உட்காருவதற்கு முன் வண்டியை நின்றபடி தள்ளிப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளினால் பின் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். தள்ளும்போது போர்க் தலையில் "டொக்" என்று சத்தம் வந்தால் பிரேக் போல்ட்டோ கழுத்து நட்டோ லூஸ். நான் விடியற்காலையில் கோட்டை அகழியை ஒட்டிய ரோட்டில், ஆள் நடமாட்டம் வருவதற்கு முன், மெதுவாகப் போய் நிறுத்தி, மறுபடி கொஞ்சம் வேகமாகப் போய் நிறுத்தி, இருபது முறையாவது செய்தேன். புதுக் கட்டை முதல் சில பிடிகளில் மந்தமாகத்தான் இருக்கும், முகம் தேய்ந்து ரிம்மோடு பதிந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஒயரை இன்னொரு முறை இறுக்கி, எல்லா நட்டையும் தொட்டுப் பாருங்கள். மழையில் இரும்பு ரிம்மோடு போகிறவர்கள், நிறுத்த வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்பாகவே லேசாக பிரேக்கைத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வாருங்கள், மேம்பால உச்சியில் இருந்தே. கட்டையில் இருக்கும் பள்ளக் கோடுகள் மறைந்தால் மாற்றிவிடுங்கள், இரும்புக் கூடு ரிம்மில் உரசும் வரை காத்திருக்க வேண்டாம். தோல் கட்டையை நான் ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை பார்ப்பேன். போன வருடம் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது, பிய்த்துவிட்டுப் புதுத் துண்டு ஒட்டினேன்.

அந்த மேம்பாலத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ மழையில் இறங்கியிருக்கிறேன். செருப்பைத் தரையில் தேய்க்க வேண்டி வரவில்லை.